மூன்று தேமலும் ஒரு நரம்பும்

யீஷுன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி பக்கம் போகாதே.

உனக்கென்றே ஒரு சேதி வைத்திருக்கிறேன். கம்பெனி ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என் வேலை, தெரியுமே. இரண்டு மாதம் முன்னால் டார்மிட்டரியில் புதுக்கோட்டைப் பையன் ஒருவன் சுண்டுவிரலில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு நின்றான். சோற்றுப் பானையைத் தூக்கும்போது கொப்புளம் போட்டதாம், ஆனால் சுட்டதே தெரியவில்லையாம். தொழுநோயாக இருக்குமோ என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகில் இரண்டு, முன்கையில் ஒன்று. வெளிறிய தேமல், ஓரம் லேசாகத் தடித்திருந்தது. கண்ணை மூடச் சொல்லிப் பேனா நுனியால் நடுவில் தொட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "தொடுங்க சார்" என்கிறான்.

நாம் ஊர் ஊராகத் தொழுநோய் பார்த்த காலம் போய் இருபத்தைந்து வருஷம் ஆகியும் மனசு தானாகத் தேமலை எண்ணியது. ஐந்து வரை பிபி, அதாவது கிருமி குறைந்த வகை, ஆறு மாத மருந்து. அதற்கு மேல் எம்பி, கிருமி மிகுந்த வகை, பன்னிரண்டு மாதம். மூன்றுதானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தைரியம் சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

தோல் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. தேமலை அப்புறம் பார்க்கலாம் என்பதுபோல முதலில் அவன் கையை மடக்கி, முழங்கைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை உருட்டினார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி நரம்பு தடித்துக் கிடந்தது. காதுமடலைக் கீறி எடுத்த ஸ்மியரில் கிருமி இல்லை. பயாப்சியில் 'பிடி' என்று வந்தது. ஆமாம், ரிட்லியும் ஜோப்ளிங்கும் 1966இல் தொழுநோயை வகை பிரிக்கப் போட்ட, டிடியில் தொடங்கும் அதே ஐந்து படியில் இரண்டாவது படி. 1982இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாரையும் இரண்டே வகையாகப் பிரித்தபோது டிடி, பிடி இரண்டும் பிபி பக்கம்தான் போயின. அந்தக் கணக்குப்படி இவனும் பிபி. ஆனால் டாக்டர் எம்பி என்று எழுதினார். அதே நிறுவனத்தின் 2018 வழிகாட்டியில் நரம்பு பாதித்திருந்தால் தேமல் எத்தனை இருந்தாலும் எம்பிதானாம். பிபிக்கும் மூன்றாவது மருந்தாகக் குளோஃபாசிமினைச் சேர்த்துவிட்டார்கள். நம் காலத்தில் அவர்களுக்கு ரிஃபாம்பிசினும் டாப்சோனும் மட்டும்தானே?

தேமலை எண்ணுவதை நான் குறை சொல்ல மாட்டேன். மைக்ராஸ்கோப் இல்லாத ஊரில் சைக்கிளில் போகிறவன் வேறென்ன செய்வான்? 1998இல் அந்த முறை வந்ததால்தான் உன்னாலும் என்னாலும் திண்ணையில் உட்கார்ந்தே நோயாளி அட்டை எழுத முடிந்தது. ஆனால் எண்ணி முடித்ததும் பார்த்தாகிவிட்டது என்று தோன்றும் பார், அதுதான் கெடுத்தது. அந்த நெசவாளி ஞாபகம் இருக்கிறாரா? நான்கு தேமல், ஆறு மாதம், சிகிச்சை முடிந்தது என்று ரெஜிஸ்டரில் நான்தான் எழுதினேன். அடுத்த வருஷம் விரல் இரண்டு மடங்கிப்போய், நாடா பிடிக்க முடியாமல் வந்து நின்றார். அவர் முழங்கையைத் தொட்டுப் பார்த்தேனா என்று இன்றைக்கும் நினைவில்லை. பார்த்திருக்க மாட்டேன்.

பையன் என்னிடம் முதலில் கேட்டது, "சார், ஊருக்கு அனுப்பிருவாங்களா?" அடுத்தது, "தனியா அடைச்சு வைப்பாங்களா?" ஒரு காலத்தில் இங்கே தொழுநோயாளிகளை டிரஃபால்கர் இல்லம் என்று ஒன்றில் தனியாகத்தான் வைத்திருந்தார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை. மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குத் தொற்றாது என்று மட்டும் சொன்னேன். அறைத் தோழர்களையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை.

இப்போது வேலைக்குப் போகிறான். நரம்பு வீக்கத்தைக் குறைக்கப் பிரட்னிசோலோன் மாத்திரை தனியாக ஓடுகிறது, சுண்டுவிரலில் கொஞ்சம் உணர்ச்சி திரும்புகிறது. முதல் நாள் ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து எனக்கு நடுராத்திரியில் போன் போட்டான். சொல்லி அனுப்ப மறந்தது என் தப்பு. இப்போது குளோஃபாசிமினால் முகமும் கருக்க ஆரம்பித்திருக்கிறது. வீடியோ காலில் அம்மா, "ஏன்டா இப்படிக் கருத்துப்போயிட்ட?" என்று கேட்டால், "சைட்ல வெயிலும்மா" என்கிறானாம். இன்னும் பத்து மாதம் அந்த வெயிலைச் சொல்லியாக வேண்டும்.

பழைய ரெஜிஸ்டர் எதையாவது நீ வைத்திருக்கிறாயா? அந்த நெசவாளி பெயர் எனக்கு வேண்டும்.

உன்,
செல்வராசு