மூலையில் இருந்த தேதி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் தொலைபேசி அடித்தது. அந்த அழைப்புகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், நீ கேட்டதற்கு அவைதான் பதில். 'வேலையை விட்டுவிட்டு நானும் உன்னைப்போல இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலில் இறங்கலாமா? நிறம் பார்ப்பது, எழுத்துரு பார்ப்பது, அமைதியான வாழ்க்கை' என்று எழுதியிருந்தாய். 'அமைதி' என்ற சொல்லைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னவென்று கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே நானும் ஓர் உதவியாளரும் மட்டும்தான். வடிவமைப்பு வேலை பாதி நாள்கூட இருக்காது. 'வெப் டிசைனர்' என்றால் 'கணினி தெரிந்தவர்' என்றுதான் மக்கள் பொருள் கொள்கிறார்கள். பிரிண்டர் காகிதத்தை மென்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும்.

சென்ற மாதம் நடந்ததைக் கேள். காலை ஒன்பது மணிக்கு ஒரு வாடிக்கையாளர் அழைத்து, "தளத்தில் வைரஸ் புகுந்துவிட்டது, சிவப்பாக ஏதோ வருகிறது" என்றார். என் கணினியில் திறந்தேன், நன்றாக இருந்தது. கைப்பேசியிலும் அப்படியே. தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதோ என்று பார்த்தேன். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பிடமிருந்து வாங்கி நாங்கள் போடும் சான்றிதழின் ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு எப்போதாவது சத்தமில்லாமல் நின்றுபோவதுண்டு. அதுவும் இல்லை, இன்னும் பல வாரம் மீதி இருந்தது. தளம் குடியிருக்கும் கணினியான சர்வரின் பதிவுக் கோப்புகளை இரண்டு மணி நேரம் புரட்டினேன். கடைசியில் 'எங்கள் பக்கம் குறை எதுவும் இல்லை' என்று கொஞ்சம் விறைப்பாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அனுப்பிய கையோடு மனம் குறுகுறுத்தது. அந்த மனிதருக்குச் சிவப்புத் திரை வருவது உண்மை. அது ஏன் என்று நான் சொல்லவே இல்லையே.

திரையை அப்படியே படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கோணலாக, விளக்கு வெளிச்சம் பட்டு, ஒரு படம் வந்தது. நடுவில் கொட்டை எழுத்தில், 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று பிரவுசரே சொல்லியிருந்தது! கீழே வலது மூலையில் தேதியைப் பார்த்தேன்: 2012. எந்தச் சான்றிதழும் 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும்' என்று சொல்வது. 2012இல் வாழ்ந்துகொண்டிருக்கும் கணினிக்கு எங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அப்புறம் எப்படி நம்பும்? மற்ற தளங்களையும் அது இப்படித்தான் விரட்டியிருக்கும். காலையில் முதலில் திறப்பது நாங்கள் செய்து கொடுத்த தளம் என்பதால், அதிலேயே பயந்து நிறுத்திவிட்டார்.

காரணம், கணினிக்குள் இருக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக உட்கார்ந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அது செத்து எத்தனை மாதம் ஆயிற்றோ, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கணினியை அணைத்தாலும் சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தால் கடிகாரம் அதிலேயே ஓடிவிடும். அவருடைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் சிக்கனக்காரர், மாலையில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிறார். "எதையும் மாற்றவில்லை" என்று அந்த வாடிக்கையாளர் என்னிடம் மூன்று முறை சொன்னார். பொய் சொல்லவில்லை. ஒரு சுவிட்சை அணைப்பதை யார் மாற்றம் என்று நினைப்பார்கள்?

அன்றிலிருந்து "என்ன செய்தீர்கள்?" என்று யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுபோல ஆகிவிடுகிறது, உடனே "நான் ஒன்றும் செய்யவில்லை" என்ற பதில்தான் வரும். "திரையில் என்ன எழுதியிருக்கிறது? வார்த்தை விடாமல் படியுங்கள்" என்கிறேன். பாதிப் பேர் படித்துக்கொண்டே "ஓ, சரி சரி" என்று வைத்துவிடுகிறார்கள். பிழைச்செய்தியைப் படிக்காமல் மூடுவது வாடிக்கையாளர் வழக்கம் மட்டும் இல்லை, நானும் அந்தச் சாதிதான்.

'மாற்றச் சொன்னேன், மாறவில்லை' என்பது இன்னொரு அன்றாடப் புகார். பிரவுசர் பழைய பிரதியைக் கேச்சில் வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். கண்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அழுத்தச் சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் ஊரில் உள்ள எல்லோரையும் அழுத்தச் சொல்ல முடியாது அல்லவா? இப்போது ஒவ்வொரு முறை திருத்தும்போதும் கோப்பு முகவரியின் வாலில் ஒரு புதிய எண்ணைச் சேர்த்துவிடுகிறோம். பிரவுசர் அதைப் புதுக் கோப்பு என்று எண்ணி ஏமாந்துபோகிறது. உதவியாளரின் கணினியில் தெரியும் படம் சர்வரில் தெரியாமல் போவது வேறு கதை. விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு கருத்துப் படிவம் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. சிலர் எழுதுவது முழுதாக வரும், சிலர் எழுதுவது பாதி வாக்கியத்தில் நின்றுபோகும். நின்ற இடங்களில் எல்லாம் அவர்கள் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டிருந்தார்கள். கருத்துகளைச் சேமிக்கும் மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'யு.டி.எஃப்.8' என்ற பெயரில் இருந்த பழைய ஏற்பாடு ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம் தரும். தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்கிவிடுவதால் குறை வெளியே தெரியவில்லை. சிரிப்பு முகத்துக்கோ 4 பைட் வேண்டும், அதில் தடுக்கி மீதியெல்லாம் போய்விட்டது. 'யு.டி.எஃப்.8எம்.பி.4' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. மற்றவர் சந்தோஷத்தில் வந்த சனியன் என்று உதவியாளர் அதற்குப் பெயர் வைத்தார்.

இதுவரை மற்றவர்கள் கதை. இனி என் லட்சணம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு வாடிக்கையாளரின் தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது சர்வரில் இடம் தரும் வேறு நிறுவனத்துக்கு, மாற்றினேன். தளத்தின் முகவரியைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் நேம்சர்வரை மாற்றியதும் தளம் ஜம்மென்று எழுந்து நின்றது, நானும் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை மதியம் அவர் பேச்சோடு பேச்சாக, "மூன்று நாளாக மின்னஞ்சலே இல்லை, விடுமுறைக் காலம் போலிருக்கிறது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இணையத்தின் முகவரிப் புத்தகமான டி.என்.எஸ்.இல், தளம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவை மட்டும் புதிய இடத்தில் எழுதியிருந்தேன். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவை எழுதவே இல்லை. அது இல்லாவிட்டால் அஞ்சல் நேராகத் தளம் இருக்கும் சர்வரின் கதவைத் தட்டும், அங்கே வாங்கிவைக்க ஆள் கிடையாது.

திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் டி.என்.எஸ். பதில்களை வழியில் உள்ள சர்வர்கள் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும், சில இடங்களில் பழைய பதில் கலைய மறுநாள் ஆகிவிட்டது. அனுப்பும் சர்வர்கள் வழக்கமாகச் சில நாள் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதால் பெரும்பாலான கடிதங்கள் பிழைத்து வந்து சேர்ந்தன. அவரிடம் உள்ளதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டார், பிறகு அடுத்த வேலையையும் எனக்கே கொடுத்தார். இப்போதெல்லாம் மாற்றுவதற்கு முன்னால் எல்லாப் பதிவுகளையும் ஒரு நோட்டில் கையாலேயே எழுதிக்கொள்கிறேன். அந்த நினைவுக் காலத்தையும் இரண்டு நாள் முன்னதாகவே 86,400 நொடியிலிருந்து 300 நொடிக்குக் குறைத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலையில் எதையும் தொடுவதில்லை.

இதற்கெல்லாம் பணம் வாங்குகிறாயா என்று கேட்பாய். முதல் சில ஆண்டுகள் முகத்தாட்சண்யத்துக்காக வாங்கவில்லை, அது பெரிய முட்டாள்தனம். இப்போது ஆண்டுப் பராமரிப்பு என்று தனியாக எழுதி வாங்குகிறேன். பிரிண்டர் அதில் சேராது என்றும் எழுதியிருக்கிறேன், இருந்தும் பிரிண்டருக்கு அழைக்கிறார்கள், நானும் போகிறேன். தொழிலில் இறங்குவதானால் இறங்கு. ஆனால் நாளில் பாதியை இந்த மாதிரி அழைப்புகளுக்கு ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடு. வடிவமைப்புக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்து வேலையை விட்டுவிடாதே.

உன் மடிக்கணினி எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆகிறது, ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். செய்யாதே. முதலில் புகைப்படங்களையும் கோப்புகளையும் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வை, அதைத் திறந்து பார்த்து எல்லாம் வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற பத்தியைப் பார். சும்மா இருக்கும்போதும் 100 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தால், அந்தப் பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத, வேகமான டிஸ்க்கைப் போட்டால் போதும் என்றுதான் தோன்றுகிறது. பார்க்காமல் சொல்ல மாட்டேன். திரையைப் படம் எடுத்து அனுப்பு. நடுவை மட்டும் எடுக்காதே, வலது மூலையில் இருக்கும் தேதியும் விழ வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்