திஃபேன் என்ற உன் பெயர் குறித்து

அன்புள்ள மகளுக்கு,

பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல அழைத்த என்னிடம், பெயர் மாற்ற மனுவுடன் இணைப்பதற்குச் சாட்சிக் கடிதம் வேண்டும் என்று கேட்டாய். பிரான்சில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நீதிபதியிடம் போக வேண்டியதில்லை, நகராட்சியிலேயே முடிந்துவிடும் என்றும் சொன்னாய். நீ தேர்ந்தெடுத்திருக்கும் தமிழ்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நம் உறவினர்கள் இதைப் படிக்கிறார்கள், அவர்களுக்கு அதை நீதான் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் கெடுபிடியால் வைத்த பெயர் என்று உன்னிடம் சொல்லிவந்தேன். அது பாதிப் பொய். நாட்காட்டிகளிலும் பழைய வரலாற்றிலும் உள்ள பெயர்களையே வைக்க வேண்டும் என்ற 1803ஆம் ஆண்டுச் சட்டம், நீ பிறந்த 1993 ஜனவரி 6 அன்று ஏட்டில் இருந்தது. பெற்றோரே விரும்பிய பெயரை வைக்கலாம் என்ற சட்டம் இரண்டே நாள் கழித்து, 8ஆம் தேதியிட்டு வந்தது. ஆனால் நடைமுறையில் பழைய கட்டுப்பாடு 1966 முதலே தளர்ந்துவிட்டது. தமிழ்ப் பெயரை எழுதுவீர்களா என்று நான் கேட்கவே இல்லை.

பயம் மட்டும் காரணமன்று. கடவுள் வெளிப்படுதல் என்று பொருள்படும் தியோஃபானியா என்ற கிரேக்கச் சொல்தான், லத்தீன் வழியாக வந்து தேய்ந்து திஃபேன் ஆயிற்று. மூன்று ராஜாக்கள் திருநாளில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதை வைத்தார்கள். புதுச்சேரியில் உன் ஆயா பூசைக்குப் போகும் அதே நாளைத் தமிழில் திருக்காட்சிப் பெருவிழா என்கிறோம். என் மனத்தில் உனக்குத் திருக்காட்சி என்றே பெயர் வைத்தேன். ஊரார் அதை ‘டிபன்’ ஆக்கி, இட்லியா பொங்கலா என்று கேட்டதற்கு நான் என்ன செய்வேன்? நானும் சிரித்தேன் என்பாய். சிரித்தேன்தான்.

மோன் சேன் மிஷேல் குன்றில், படைத்தலைவர் துய் கெக்லான் 1365இல் தம் மனைவி திஃபேன் ராகனெலுக்குக் கட்டியதாகச் சொல்லும் வீட்டின் வாசலில், எட்டு வயதில் நீ நின்றது நினைவிருக்கிறதா? நட்சத்திரங்களைப் பார்த்துப் பலன் சொன்ன, பிரான்சின் பிரெத்தாஞ் பகுதிப் பெண்மணி அவர். பலகையில் இருந்த ஒவ்வோர் எழுத்தையும் காற்றில் விரலால் எழுதிப் பார்த்துவிட்டு, “இது என் பெயர்” என்று வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி பிரெஞ்சில் சொன்னாய். பின்னால் நின்ற ஒரு பெண்மணி குனிந்து, “அது சரி, உன் உண்மையான பெயர் என்ன?” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் “பாப்பா” என்றேன். பிரெஞ்சில் அது அப்பாவைக் குறிக்கும் சொல் என்பதால் அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன். உன் விரல் என் கையிலிருந்து நழுவியது.

மன்னித்துக்கொள். வேற்று மனிதர்களிடம் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நியாயம் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: கல்லூரியில் உன்னை டிஃபனி என்று அறிமுகப்படுத்திக்கொண்டது யார்? அதே பெயரின் ஆங்கில வடிவம் உனக்கு உவப்பாக இருந்தது. அப்பா வைத்தது மட்டும்தான் பாரமாக இருந்ததா?

சாட்சிக் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்திட்டு, அடையாள அட்டையின் நகலோடு அனுப்பிவிட்டேன். இந்தப் பெயரால் நீ பட்ட சங்கடங்களை வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்த வாசலில் நடந்ததை மட்டும் அதில் சேர்க்கவில்லை. வேண்டுமானால் நீ சேர்த்துக்கொள்.

அப்பா