தம்பிக்குத் துணை நின்றவர்களுக்கு எங்கள் நன்றி

முதல் வணக்கம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு டாக்டரம்மாவுக்கு. தம்பி சோர்ந்து கிடந்த நாட்களைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள். "இவர் ரொம்ப உற்சாகமா இருந்த நாட்களைச் சொல்லுங்க" என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அப்படியும் நாட்கள் உண்டு. மூன்று மணி நேரத் தூக்கத்தோடு நாலைந்து நாள் விடாமல் தைத்துத் தள்ளுவான், கடனுக்குத் துணி வாங்கிக் குவிப்பான், பேச்சு ஓயாது. பையன் தேறிவிட்டான் என்று அம்மா பாயசம் வைப்பார்.

எங்கள் சித்தப்பாவுக்கு முதல் வகை பைபோலார், அதாவது மனம் அளவு மீறிய எழுச்சிக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய். வாரக்கணக்கில் தூங்காமல், சாமி தன்னோடு பேசுவதாகச் சொல்லி, வயலை விற்கக் கிளம்பியவரைக் கீழ்ப்பாக்கத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதைப் பார்த்த வீட்டில் தம்பிக்கும் பைபோலார் என்றால் யார் நம்புவார்கள்? நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். ஒரு வாரமாவது நீடிக்கிற, அல்லது ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றுகிற பித்துநிலை, அதாவது கட்டுமீறிய எழுச்சி, ஒருமுறை வந்தாலே முதல் வகை. இரண்டாம் வகையில் அந்த எழுச்சி நான்கு நாளாவது இருக்கும், ஆனால் பிழைப்பைக் குலைக்கும் அளவுக்குப் போகாது. கூடவே, இரண்டு வாரமாவது நீடித்த கடும் மனச்சோர்வு வந்திருக்கும். இந்த அளவுகளை எட்டாத ஏற்ற இறக்கம் இரண்டு வருஷமாகத் தொடர்ந்தால் அது சைக்ளோதைமியா. தம்பிக்கு இருப்பது இரண்டாம் வகை என்றீர்கள்.

"அப்போ இவனுக்கு லேசானதுதானே?" என்றார் அம்மா. "எழுச்சிதான் லேசு. சோர்வு லேசு இல்லைம்மா, நாள் கணக்கும் அதிலேதான் அதிகம் போகும். தற்கொலை எண்ணம் வருதான்னு கவனமா இருங்க" என்றீர்கள். சுற்றி வளைக்காத அந்தப் பதில்தான் எங்களை விழிப்பாக வைத்தது. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு எழுச்சி கிளம்பிவிடும் என்று சொல்லி, வேறிடத்தில் எழுதிய சீட்டையும் மாற்றினீர்கள்.

மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி, பைபோலாருக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிற தம்பி முதுகுவலிக்கு மாத்திரை கேட்டு வந்தபோது, "லித்தியம் சாப்பிடுறவருக்கு இபுப்ரோஃபென் தரமாட்டேன், டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினீர்களே! ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. விற்பனையை விட்டுக்கொடுத்த உங்களுக்குப் பெரிய கும்பிடு. லித்தியம் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும்போது, ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகாமல் ஊசியைத் தொடமாட்டேன் என்று கறாராக நிற்கும் லேப் தங்கச்சிக்கும் நன்றி. நடுராத்திரியில் மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசி அம்மாவின் பதற்றத்தைத் தணித்த முகம் தெரியாத ஆலோசகருக்கும்.

தையற்கடை முதலாளிக்கு என்ன சொல்வது? அவன் வராத மாதங்களிலும் அவனுடைய மெஷினை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வந்த பிறகு, நேரங்கெட்ட நேரத்தில் கடையில் விளக்கெரிந்தால் உடனே எனக்குப் போன் வரும். தீபாவளித் தையல் ஆரம்பிக்கப் போகிறது. எத்தனை ஆர்டர் போனாலும் சரி, எட்டு மணிக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி, அண்ணே.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா