உள்விளையாட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை அகற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
உள்ளரங்க கிரிக்கெட் குழு,
(முகவரியும் கைபேசி எண்ணும் உறையின் மேல் உள்ளன)
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: பேரூராட்சி உள்விளையாட்டுக் கூடத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் வைத்திருப்பதால் விளையாட முடியாத நிலை – மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்த மனு. 2. இணையவழியில் பதிந்த மனுவும் அதற்கு வந்த பதிலும். 3. பொங்கலுக்கு முன் கொடுத்த நினைவூட்டு மனு (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சந்தைக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் இருக்கும் கூடத்தைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறோம். தாங்கள் அலுவலகத்துக்கு வந்து போகிற பாதையிலேயே இருப்பதால் இடத்தை விளக்க வேண்டியதில்லை. பழைய நெல் கிடங்கு என்றால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முந்தைய மனுக்கள் தங்கள் பார்வைக்கு வராமலே போயிருக்கலாம் என்று நினைத்து, இந்த முறை எல்லாவற்றையும் விவரமாகவே எழுதியிருக்கிறோம். நீளத்துக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

1. நாங்கள் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை. ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒருவர் அல்வாக் கடை அடுப்படியில் நிற்கிறார். மருந்துக் கடை ஊழியர் ஒருவர், கூட்டுறவு வங்கி எழுத்தர் ஒருவர், கல்லூரியில் வேதியியல் படிக்கும் பையன் ஒருவன், இப்படி எட்டுப் பேரும் மாற்று ஆட்கள் சிலரும். பகலெல்லாம் வேலை. இரவு எட்டு மணிக்கு மேல்தான் பந்தைத் தொட முடியும். வெளி மைதானத்தில் விளக்கு கிடையாது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது நம் ஊர் மைதானத்தில் ஸ்டம்பு நட்டால் பெயில்ஸ் நிற்காது என்பது தாங்களும் அறிந்ததே. அதனால்தான் உள்ளரங்க ஆட்டத்துக்கு வந்தோம். கூடத்தைப் பேரூராட்சி கொடுத்தது. சுற்றுவலையும் தரைவிரிப்பும் எங்களுக்குள் வரி போட்டு நாங்களே வாங்கிக் கட்டினோம்.

2. மூட்டைகள் வந்த கதை: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையும் தாமிரபரணியில் வந்த வெள்ளமும் யாருக்கும் மறக்காது. அப்போது நிவாரணப் பொருள் வைக்கக் கூடம் வேண்டும் என்றார்கள். நாங்களே வலையை அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டு, அரிசி மூட்டையும் பால் பவுடரும் போர்வையும் இறக்கினோம். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளைக்கே வெள்ளம் வந்தாலும் அதையே செய்வோம். நிவாரணப் பொருள் தீர்ந்ததும், தெருக்களைச் சுத்தம் செய்யப் பிளீச்சிங் பவுடர் லோடு வந்தது. அதுவும் சரி, அன்றைக்குத் தேவைதான். தண்ணீர் வடிந்தது, சேறு போனது, ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். பவுடர் மட்டும் கூடத்திலேயே தங்கிவிட்டது. கொசு மருந்துக் காலம் வரும்போதெல்லாம் புது லோடு வந்து பழைய மூட்டையின் மேலேயே ஏறுகிறது. மேலே இருப்பதைத்தான் எடுத்துப் போகிறார்கள். அடியில் இருப்பது வெள்ளக் காலத்துச் சரக்கு.

3. இனிதான் முக்கியமான விஷயம். ஐயா தயவுசெய்து இந்த ஒரு பத்தியையாவது முழுவதும் படிக்க வேண்டுகிறோம்.

அவை 25 கிலோ மூட்டைகள். கீழ் வரிசை மூட்டைகளின் தையல் விட்டுப்போய்விட்டது. எலி கடித்ததும் உண்டு. கதவைத் திறந்ததுமே கண் எரியும். குளோரின் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும் என்று எங்கள் வேதியியல் பையன் சொல்கிறான். பந்தை எடுக்கக் குனிகிறவனின் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே போய் இரண்டு கதவையும் திறந்து வைக்கிறோம். ஜன்னலைத் திறக்க முடியாது, மூட்டை மறைக்கிறது. மழை நாளில் ஓட்டு இடுக்கில் சொட்டும் தண்ணீர் மூட்டைமேல் விழுந்தால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது, உள்ளே கால் வைக்க முடியாது.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறோம். வேகமாக அடித்த பந்து ஒன்று இற்றுப்போன மூட்டையில் பட்டுச் சாக்கு கிழிந்தது. பந்து வீசிவிட்டு அங்கே நின்றவர் எங்கள் ஆட்டோக்காரர். வியர்வையில் நனைந்த கையிலும் கழுத்திலும் பவுடர் அப்பிக்கொண்டது. தட்டிவிடப் பார்த்தார், அது இன்னும் பரவியது. கண்ணைத் திறக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை முழுவதும் அவர் முகத்தில் ஊற்றினோம். மருந்துக் கடைக்காரர் உடனிருந்ததால், கசக்காதே, கழுவிக்கொண்டே இரு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் முழங்கை வரை தோல் சிவந்து தடித்து, ஆட்டோ ஹேண்டில் பிடிக்க முடியாமல் சில நாள் வருமானத்தை இழந்தார். அவருக்கு வயதான தாயாரும் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எங்கள் ஜெர்சி கருநீலம். இப்போது எட்டுப் பேர் ஜெர்சியும் வெள்ளைத் திட்டு விழுந்து புள்ளிமான் தோல் மாதிரி இருக்கிறது. துணிக்கே இந்தக் கதி என்றால் நுரையீரலுக்கு என்ன என்று யோசியுங்கள். வலையைத் தாங்கும் இரும்புக் கொக்கிகளில் முதலில் வெள்ளையாகப் பூத்தது, அப்புறம் துருவாக உதிர்ந்தது. அந்தப் பக்க வலை தொங்கிப்போய்க் கிடக்கிறது. நைலான் கயிற்றைக் கையால் இழுத்தால் நூல் நூலாகப் பிரிகிறது.

சாயங்காலம் அங்கே ஷட்டில் ஆட வந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

4. “கொஞ்சம் தள்ளி ஆட வேண்டியதுதானே?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கேட்டவர் இந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை போலும். உள்ளரங்க கிரிக்கெட்டில் வலை என்பது பந்து வெளியே போகாமல் தடுப்பதற்கு மட்டும் கட்டுவது அல்ல, ஓட்டக் கணக்கே அதில்தான் இருக்கிறது. பக்கவாட்டு வலையில் மட்டையாளருக்கு அருகில் உள்ள பாதியில் பட்டால் கூடுதலாக ஒரு ஓட்டம், தூரத்துப் பாதியில் பட்டால் இரண்டு. பந்து வீசுகிறவருக்குப் பின்னால் உள்ள வலையில் தரையில் குத்திப் போய்ப் பட்டால் நான்கு, நேராகப் போய்ப் பட்டால் ஆறு. அணிக்கு எட்டுப் பேர், 16 ஓவர், ஜோடி ஜோடியாக நாலு நாலு ஓவர் மட்டை பிடிக்க வேண்டும், எல்லோரும் இரண்டிரண்டு ஓவர் வீச வேண்டும். அவுட் ஆனால் வெளியே போக வேண்டியதில்லை, கணக்கில் ஐந்து ஓட்டம் குறையும். வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே செய்த ஆட்டம் மாதிரி, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூட்டைகள் அடுக்கியிருப்பது பந்து வீசுகிறவருக்குப் பின்னால், அந்த வலைக்கு முன்னால். ஆளுயரத்துக்கு. அதாவது நான்கும் ஆறும் விழ வேண்டிய வலை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இந்த மாவட்டத்திலேயே சிக்சர் இல்லாத கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நாங்கள்தான் ஐயா. பந்து வீச ஓடிவர இடமில்லாததால் ஸ்டம்பை முன்னால் நகர்த்தி, 22 கெஜம் இருக்க வேண்டிய ஆடுகளத்தைக் குறுக்கிவிட்டோம். அங்கே பழகிவிட்டு வெளியூரில் சரியான அளவில் ஆடும்போது எங்கள் பந்து பாதியிலேயே குத்தி எழும்புகிறது. சிரிக்கிறார்கள்.

வள்ளியூரிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் வந்து ஆடிய அணிகள் இனிமேல் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியாக வந்த அணியின் கேப்டன் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு டாஸ் போட்டார். தனியார் டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானத்தில்) ஆடலாம்தான். ராத்திரி நேரத்துக்கு மணிக்கு ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள், அதற்குப் பாளையங்கோட்டை வரை போக வேண்டும், கடைசிப் பஸ் போய்விட்டால் திரும்பி வரவும் வழியில்லை. சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் ஆட்டம் நடந்தபோது நம் மாவட்டத்திலும் விளையாட்டு வளர்கிறது என்று எல்லோரும் பெருமைப்பட்டோம். வளரட்டும். எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. மூச்சு முட்டாமல் ஆடினால் போதும்.

5. கூட வாடகையை இன்றுவரை மாதம் தவறாமல் கட்டுகிறோம். ரசீதில் “உள்விளையாட்டுக் கூடம்” என்றுதான் போட்டிருக்கிறது. கிடங்கு என்று போடவில்லை.

6. எங்களுக்குக் கிடைத்த பதில்கள்: சுகாதாரப் பிரிவில் கேட்டால் கூடம் பொறியியல் பிரிவுக்குச் சேர்ந்தது என்கிறார்கள். பொறியியல் பிரிவில் கேட்டால் பவுடர் சுகாதாரப் பிரிவுச் சரக்கு என்கிறார்கள். நாங்களே ஓரமாக நகர்த்திக்கொள்கிறோம் என்றதற்கு மேஸ்திரி அண்ணாச்சி, “தம்பி, அது கணக்குல ஏறுன சாமான்லா, ஒரு மூடை கொறஞ்சாலும் என் தலைதான் உருளும்” என்றார். அவர் சொல்வதும் நியாயம். அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

இணையவழி மனுவுக்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறோம்: “கூடம் தற்போது பயன்பாட்டில் உள்ளது. மனு முடிக்கப்பட்டது.” யாருடைய பயன்பாட்டில் ஐயா? எலிகளின் பயன்பாட்டிலா? ஒருவராவது கதவைத் திறந்து பார்த்துவிட்டு இந்தப் பதிலை எழுதியிருப்பாரா? மனு கொடுத்த 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் முடிவு என்று அரசாணையே இருக்கிறது. நாங்கள் கேட்டது சாலை இல்லை, பாலம் இல்லை, புதுக் கட்டடம் இல்லை. இருக்கிற கட்டடத்தில் இருக்கிற மூட்டையை, இருக்கிற இன்னொரு கட்டடத்துக்கு மாற்றச் சொல்கிறோம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுமா, தீர்மானம் வேண்டுமா, சென்னைக்குக் கோப்பு போக வேண்டுமா? கோபமாக எழுதிவிட்டோம், மன்னிக்கவும். ஆனால் அடித்துவிட்டு மறுபடி எழுதப் போவதில்லை.

7. மாற்று இடம் இல்லை என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஊருக்கு வெளியே, குப்பையைத் தரம் பிரிக்கும் வளமீட்பு பூங்காவில் தகரக் கொட்டகை காலியாக இருக்கிறது. தரை மேடாக்கிச் சிமெண்ட் பூசியது, வெள்ளத்திலேயே அங்கே தண்ணீர் ஏறவில்லை. குப்பை அள்ளும் பேட்டரி வண்டிகள் அங்கிருந்துதான் காலையில் கிளம்புகின்றன. தூய்மைப் பணியாளர்களுக்கும் பவுடர் அங்கேயே இருந்தால் அலைச்சல் மிச்சம். இப்போது பாவம், அந்த அக்காமார் சந்தைக்கு வந்து கூடத்தைத் திறந்து, கையுறை இல்லாமல் அள்ளிப் போகிறார்கள். அவர்களுக்கும் இதே எரிச்சல்தான். அவர்கள் மனு எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் தங்கள் கவனத்துக்கு: பிளீச்சிங் பவுடர் புதிதாக வரும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் சத்தோடு இருக்கும். சூடும் ஈரமும் பட்டால் அது நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும். ஓடு சொட்டும் கூடத்தில் வெள்ளக் காலத்திலிருந்து கிடக்கும் சரக்கில் என்ன வீரியம் மிஞ்சியிருக்கும்? அதைக் குடிதண்ணீர்த் தொட்டியில் போட்டால் கிருமி சாகுமா? இது கிரிக்கெட் ஆடாதவர்களுக்கும் உள்ள கேள்வி. ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. மூட்டைகளை எடுக்க வேண்டும்.

9. வலையையும் கொக்கியையும் நாங்களே மாற்றிக்கொள்கிறோம். அதற்குப் பேரூராட்சியிடம் ஒரு பைசா கேட்கவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து, வருகிற வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, கூடத்தில் உள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் முழுவதையும் வளமீட்பு பூங்காக் கொட்டகைக்கு மாற்ற உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டிராக்டர், பதிவேட்டில் தங்கள் கையொப்பம், இவ்வளவு போதும். ஏற்றி இறக்க நாங்கள் எல்லோரும் வருகிறோம். கையுறையும் முகக்கவசமும் நாங்களே கொண்டுவருகிறோம். அரிசி மூட்டை இறக்கிய அதே ஆட்கள்தான். எண்ணிக்கையில் ஒரு மூட்டை குறைந்தாலும் எங்களைக் கேளுங்கள்.

முழுவதையும் உடனே மாற்ற முடியாது என்றால், கிழிந்து கொட்டிக் கிடக்கும் கீழ் வரிசையையாவது இந்த மாதத்துக்குள் அகற்றித் தாருங்கள். அதுவும் முடியாது என்றால், முடியாது என்பதையாவது எழுத்தில் தாருங்கள். “முடிக்கப்பட்டது” என்று மட்டும் மறுபடி எழுதிவிடாதீர்கள் ஐயா. மூட்டைகளை எடுத்துத் தரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழுச் செயலாளர்
(மற்ற உறுப்பினர்களின் கையொப்பம் பின்பக்கம்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், இணையவழிப் பதிலின் நகல், வாடகை ரசீதுகளின் நகல், கூடத்தின் உட்புறப் புகைப்படங்கள், மருத்துவமனைச் சீட்டின் நகல்.

குறிப்பு: தாங்கள் நேரில் பார்வையிட வருவதானால் மாலை ஆறு மணிக்கு மேல் வரவும். பகலில் சாவி மேஸ்திரி அண்ணாச்சியிடம் இருக்கும், அவர் வேலையாக வெளியே போயிருப்பார். கதவைத் திறந்ததும் உடனே உள்ளே போக வேண்டாம், சற்று நேரம் காற்றுப் போகட்டும்.