யோகாசனப் படத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த யோகாசனப் படங்களைப் பார்த்தேன். ஒருவர் சிரசாசனத்தில் நிற்கிறார். இன்னொருவர் ஒரு காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டிருக்கிறார். கீழே ஆசனத்தின் பெயரும் பலன்களும் இருந்தன. யார் அதைச் செய்யக் கூடாது, முடியாதவர்கள் அதற்குப் பதில் எதைச் செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லை. நான் 22 வருடங்களாக யோகா சொல்லிக் கொடுக்கிறேன். அந்த வரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கற்றுக்கொள்ளத் தொடங்கிய காலத்தில் எனக்குப் பத்மாசனம் வரவில்லை. வலது கால் தொடை மேல் ஏறிவிடும், இடது கால் ஏறாது. அப்போது சொல்லிக் கொடுத்தவர், "கொஞ்சம் பொறுத்துக்கொள், பழகிவிடும்" என்று சொல்லி என் இடது முழங்காலில் கை வைத்து அழுத்தினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்திருந்தது. ஆறு மாதம் தரையில் உட்கார முடியவில்லை.

முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் மாதிரி வேலை செய்கிறது. மடங்கும், நீளும், திருகுவதற்கு அதில் இடம் மிகக் கொஞ்சம். பத்மாசனத்துக்கு வேண்டிய சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் அது பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்பும் எலும்பும் முட்டிக்கொள்ளும் இடத்தில் எத்தனை வருடம் பழகினாலும் கால் அதற்கு மேல் திரும்பாது. அதையும் மீறி அழுத்தினால் அந்தத் திருகல் முழங்காலில் போய் விழும். இதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் முயற்சி போதவில்லை என்றே நம்பினேன். வலி குறைந்த பிறகும் அந்த நினைப்பு நெடுநாள் போகவில்லை.

அந்த ஆறு மாதத்தில்தான் வயதான ஓர் ஆசிரியையிடம் போய்ச் சேர்ந்தேன். முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வையை வைத்து, மல்லாந்து படுக்கச் சொன்னார். நான்கு எண்ணி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், ஆறு எண்ணி வெளியே விட வேண்டும். மூன்று வாரம் இது மட்டும்தான். அப்புறம் மூச்சை இழுக்கும்போது கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோவதும், விடும்போது இறக்குவதும். மூச்சு தொடங்கிய பிறகே கை கிளம்ப வேண்டும், மூச்சு முடியும் முன்பே கை நின்றுவிட வேண்டும்.

எளிதாகத் தோன்றும். எனக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் கை முந்திக்கொண்டது. அதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு மற்ற நேரங்களிலும் கவனித்தேன். தொலைபேசி அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறேன். யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவர் முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமும் இப்படியேதான் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. யோகாவால் நான் மாறினேன் என்றால், அந்தக் கையைத் தூக்கி இறக்கிய நாட்களில்தான் அது தொடங்கியது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அமைதியாக உட்கார்ந்து மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்று மெதுவாகும். மூளையிலிருந்து இறங்கி இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு, இதயத்தின் மேல் போடும் பிடி, மூச்சை வெளியே விடும்போது இறுகுகிறது. ஆறு எண்ணி விடச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

அன்றிலிருந்து என் வகுப்பில் அளவுகோல் மூச்சுதான். ஓர் ஆசனத்தில் மூச்சு குறுகினாலோ, நின்றாலோ, ஒரு படி இறங்கி வரச் சொல்வேன். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. முதலாவது, ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சியைப் பற்றிய இன்னொரு சூத்திரம், நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யச் சொல்கிறது. இந்த 'இடைவிடாமல்' என்ற சொல்லைத்தான் நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் செய்துவிட்டு மற்ற நாள் விட்டுவிடுகிறவரிடம், தினமும் 12 நிமிடம் போதும் என்பேன். முடித்ததும் ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்வேன்: இன்று மூச்சு எங்கே தடுக்கியது?

என்னிடம் ஓர் இளம்பெண் வந்தார். உங்கள் படங்களில் இருந்த எல்லா ஆசனமும் அவருக்கு வரும். மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனத்தில் மட்டும் இரண்டு நிமிடம் படுக்க முடியவில்லை. விரல்கள் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும், கண் திறந்துவிடும். ஆசனங்களைக் குறைத்து, சவாசனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். பத்து நிமிடம் அசையாமல் படுக்க நான்கு மாதம் ஆனது. அந்த வாரம் அவர் நோட்டில், "இன்று தூங்கவில்லை, ஆனால் ஓய்வெடுத்தேன்" என்று எழுதியிருந்தார்.

அதே நேரத்தில் வந்த பெரியவர் ஒருவருக்குத் தோள்பட்டை இறுகி, கை காதுவரைகூடப் போகாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்தார். அவர் கை இன்றும் முழுதாக மேலே போகவில்லை. கோபம் வரும்போது முதலில் மூச்சை வெளியே விடுகிறேன், பேச்சு அப்புறம்தான் என்று ஒருநாள் சொன்னார். இவர்கள் இருவரில் யார் அதிகம் முன்னேறியவர் என்று படம் எடுத்துக் காட்ட முடியுமா?

இன்றைய யோகாவின் முன்னோடி ஆசிரியரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் (1888–1989) கற்றவர்களைப் பாருங்கள். பட்டாபி ஜோயிஸ் மூச்சோடு ஓடும் ஆசன வரிசையைப் பரப்பினார். பி.கே.எஸ். ஐயங்கார் பெல்ட், கட்டை, நாற்காலி ஆகியவற்றைக் கொண்டு உடம்புக்கு வேண்டிய தாங்கலைக் கொடுத்தார். மகன் தேசிகாச்சார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சியை அமைத்தார். ஒரே குருவிடமிருந்து இத்தனை வழிகள் கிளம்பியிருக்க, எல்லா உடம்புக்கும் ஒரே படத்தை எப்படி மாதிரியாக வைக்க முடியும்?

எனவே ஒரு வேண்டுகோள். ஆசனப் படம் போடும்போது பலன்களில் இரண்டைக் குறைத்துக்கொண்டு, இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். சிரசாசனம் என்றால், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கழுத்து எலும்பில் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். அவர்கள் படுத்துக்கொண்டு கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்து ஓய்வெடுக்கலாம். முன்னால் குனியும் ஆசனம் என்றால், எலும்பு வலுவிழந்தவர்களும் முதுகெலும்பு வட்டு பிதுங்கியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். மற்றவர்களுக்கும் தொடையின் பின்பக்கம் இழுத்தால் முழங்காலை மடித்துக்கொள்ளலாம். பத்மாசனம் என்றால், முழங்காலில் துளி வலி வந்தாலும் காலைப் பிரித்துவிட வேண்டும், யாரும் மேலே அழுத்தக் கூடாது, சாதாரணமாகச் சம்மணமிட்டு உட்காரும் சுகாசனம் போதும்.

2015 முதல் ஒவ்வொரு ஜூன் 21-ஆம் தேதியும் யோகா தினம் வருகிறது. அன்று பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் தனியாகச் செய்து பார்ப்பவர்கள் உண்டு. அடுத்த ஜூனில், நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கும் ஒருவரின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். எந்த ஆசனங்களின் படம் வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரிவித்தால், அந்த இரண்டு வரிகளையும் நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
யோகா ஆசிரியை ஒருவர்