கடலில் இருப்பவர்கள் எத்தனை பேர்?
மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு எங்கள் கடற்கரையில் அண்மையில் ஒரு புயல் மீட்பு ஒத்திகை நடந்தது. ரப்பர் படகு வந்தது, உயிர்காப்பு மிதவைகள் வந்தன, ஆம்புலன்ஸும் வந்தது. காயம்பட்டவராக நடிக்க ஒப்புக்கொண்ட இளைஞர் ஒருவரைத் தூக்குப்படுக்கையில் ஏற்றியும் இறக்கியும் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து தேநீர் வழங்கப்பட்டபோது, 2017-இன் ஒக்கிப் புயலில் கணவரைப் பறிகொடுத்த பெண்மணி ஒருவர் எழுந்து, “இன்னைக்கு நம்ம ஊர்க்காரங்க எத்தனை பேரு ஆழ்கடல்ல கிடக்காங்க சார்?” என்று கேட்டார். ஒத்திகையை நடத்த வந்திருந்த அலுவலர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் தம் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். கடைசியில், “பங்குத்தந்தைகிட்ட கேட்டா தெரியும்மா” என்று பதில் வந்தது.

அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. 2017 டிசம்பரில் எங்களுக்குக் கிடைத்ததும் இதே பதில்தான். இடையில் ஆணையங்கள் கூடியிருக்கின்றன, திட்ட அறிக்கைகள் அச்சாகியிருக்கின்றன, கைப்பேசிச் செயலிகள் வந்திருக்கின்றன. ஆனால் கடலுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இன்னும் ஊர்த் தேவாலயத்துப் பங்குத்தந்தையின் மேசையில்தான் இருக்கிறது என்றால், மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று கேட்பதில் தவறில்லை என நம்புகிறேன்.

ஒக்கியின் வரலாற்றைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் காலையில், கன்னியாகுமரிக்குத் தெற்கே மிக அருகில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறியது. முந்தைய நாள் வெளியான எச்சரிக்கை, ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை என்பது இக்கரையில் எல்லாரும் அறிந்தது. போனவரிடம் ‘போகாதே’ என்று சொல்வதை எச்சரிக்கை என்று எப்படிக் கொள்வது?

இங்கேதான் நம் மாநிலத்தின் ஒருங்கிணைப்பு முறையில் ஓர் அடிப்படைப் பிழை இருப்பதாகக் கருதுகிறேன். நம் புயல் திட்டங்கள் யாவும் புயல் கரையைக் கடக்கும் என்ற எண்ணத்திலேயே வகுக்கப்பட்டவை. எந்த ஊரில் கடக்கும், அங்கிருந்து எத்தனை பேரை வெளியேற்ற வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்க வேண்டும், எத்தனை மூட்டை அரிசி வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணத்திலிருந்து பிறக்கும் கேள்விகள். 2018-இல் கஜா வந்தபோது பல்லாயிரக்கணக்கானோரை முன்கூட்டியே முகாம்களுக்கு மாற்ற அந்த முறை உதவியது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒக்கி எங்கள் மாவட்டத்தில் கரையைக் கடக்கவே இல்லை. குமரி முனையை ஒட்டிச் சுழன்று, மேற்கே இலட்சத்தீவை நோக்கி, எங்கள் மனிதர்கள் தூண்டில் விரித்திருந்த கடலின் வழியாகவே போயிற்று. வெளியேற்றப்பட வேண்டியவர்கள் கரையில் இல்லை, கடலில் இருந்தார்கள். அவர்கள் எத்தனை பேர், எந்தப் படகில், எந்தத் திசையில் என்பதை அறிந்தவர் ஒருவரும் கட்டுப்பாட்டு அறையில் இல்லை.

அந்த நாட்களின் துயரங்களில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அது பட்டியலைப் பற்றியது.

காணாமற்போனவர்களின் பட்டியலை முதலில் எழுதியது எந்த அரசுத் துறையும் அன்று. பங்குத்தந்தையரும் ஊர் இளைஞர்களும் வீடு வீடாகச் சென்று, யார் வீட்டு ஆண் திரும்பவில்லை, எந்தப் படகில் போனார், கூட யார் யார் என்று கேட்டுக் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். மீன்வளத் துறையிடம் ஒரு கணக்கு இருந்தது, வருவாய்த் துறையிடம் வேறொரு கணக்கு, காவல் துறையிடம் இன்னொன்று. ஒரு கணக்கு மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை. தேடுதல் நடந்துகொண்டிருந்த வேளையில், யாரைத் தேடுவது என்பதில்கூட உடன்பாடில்லாமல் அலுவலர்கள் எண்களை அறிவிப்பதும் திருத்துவதுமாக இருந்தார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தது நிவாரணத் தொகைக்காக மட்டும் அன்று. தேடச் சொல்லியும், தேடப்பட வேண்டியவர்கள் இத்தனை பேர் என்பதை ஒப்புக்கொள்ளச் சொல்லியும் அவர்கள் அமர்ந்தார்கள்.

பிறகு உடல்கள் ஒவ்வொன்றாகக் கேரளக் கரையில் ஒதுங்கின. அடையாளம் தெரியாத நிலையில் பிணவறைகளில் கிடந்தவர்களுக்காக, கோழிக்கோடு வரையிலும் போய் உறவினர்கள் காத்து நின்றார்கள். இரத்த மாதிரி கொடுத்து மரபணுச் சோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். உடலும் கிடைக்காதவர்களின் நிலை இன்னும் கொடிது. ஒருவர் ஏழாண்டுகள் காணப்படாவிட்டால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அரசு பின்னர் அதைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கியது என்பதை நன்றியுடனே குறிப்பிடுகிறேன். ஆனால் அந்தத் தளர்வைப் பெறுவதற்குக்கூட, என் கணவர் அன்று கடலில்தான் இருந்தார் என்பதை மனைவிதான் நிறுவ வேண்டியிருந்தது. படகு உரிமையாளரின் கடிதம், உடன்போனவரின் வாக்குமூலம், ஊர்க் கமிட்டியின் சான்று என்று ஒவ்வொரு தாளாகச் சேர்க்க வேண்டியிருந்தது. படகோடு எல்லாருமே போய்விட்ட வீடுகளில், உடன்போனவரின் வாக்குமூலத்தை எங்கே போய் வாங்குவது? துக்க வீட்டுப் பெண்ணை அலுவலக வாசல்களில் சாட்சி தேட வைத்தது புயல் அன்று. புறப்படும் நாளில் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒரு பட்டியல் எழுதப்படாமல் இருந்ததுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே. கடலில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று வேண்டும். அது ஒரே பட்டியலாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே அலுவலர் பொறுப்பேற்க வேண்டும்.

படகின் இருப்பிடத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் பொருத்தப்படுகின்றனவே என்று தாங்கள் கூறக்கூடும். வி.எச்.எஃப். வயர்லெஸ் எட்டாத தொலைவுக்கும் செயற்கைக்கோள் வழியே செய்தி போகும் என்பது பெரிய முன்னேற்றம், அதை வரவேற்கிறோம். எனினும் அந்தக் கருவி படகு எங்கே இருக்கிறது என்று சொல்லுமேயன்றி, படகில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஆட்கள் மாறுகிறார்கள். இப்போது வடமாநிலத் தொழிலாளர்களும் எங்கள் படகுகளில் வருகிறார்கள். அவர்களுக்காக நோட்டுப் புத்தகம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகக்கூட இங்கே வீடில்லை. மேலும், எங்கள் விசைப்படகுகளில் பல தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ புறப்படுவதில்லை. கொச்சியிலிருந்தும் மங்களூரிலிருந்தும் புறப்படுகின்றன. படகு தமிழ்நாட்டுப் பதிவு, துறைமுகம் கேரளம், ஆள் வள்ளவிளை, மீன் பிடிப்பது இலட்சத்தீவுக்கு அப்பால். இவரை எந்த மாநிலம் எண்ணும்? நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். அந்த எல்லைக்கல் கரையில் மட்டுமே நடப்பட்டிருக்கிறது என்பதை இரு மாநில அரசுகளும் உணர வேண்டும். புறப்படும் துறைமுகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், ஏறியவர்களின் பெயர்கள் அன்றே பதிவாகி, இரு மாநிலக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் கடலோரக் காவல் படைக்கும் ஒரே நேரத்தில் தெரியும்படி இருக்க வேண்டும்.

கடற்கரையைப் பற்றியே பேசிவிட்டேன். உள்நாட்டிலும் இதே கதைதான். ஒக்கியின்போது ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் முறிந்து, மாவட்டத்தின் பெரும்பகுதி பல நாட்கள் இருளில் கிடந்தது. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் குடிநீர் இல்லை. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் இரவும் பகலும் உழைத்தார்கள். அவர்களுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். எந்தத் தெருவுக்கு எந்த மின்மாற்றி என்று காட்ட ஆளில்லாமல் அவர்கள் நின்ற நேரத்தை எந்த அறிக்கையும் பதிவு செய்யவில்லை. தங்கள் அலுவலகம் இருக்கும் சென்னை எழிலகத்திலிருந்து பார்த்தால் நாங்கள் வரைபடத்தின் கடைசி ஓரம்தான் என்பதை அறிவோம். சென்னையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அது மாநிலப் பேரிடர். குமரியில் ஆள் கடலோடு போனால் அது மாவட்டச் செய்தி. பெரிய பதவியில் இருப்பவர்களின் வருகை மட்டும் அப்போது நன்றாகவே ஒருங்கிணைக்கப்பட்டது: பந்தல், பாதுகாப்பு, வரிசை, எதிலும் குறையில்லை. அந்தத் திறமையில் பாதி தேடுதல் பணிக்குக் கிடைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருள வேண்டுகிறேன். 1999-இல் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களை இழந்த ஒடிசா, 2013-இல் பைலின் வந்தபோது இலட்சக்கணக்கானோரை முன்கூட்டியே மாற்றி, இழப்பைச் சில பத்துகளுக்குள் அடக்கிக் காட்டியது. ஆளை எண்ணத் தெரிந்த நிர்வாகத்தால்தான் ஆளைக் காப்பாற்றவும் முடிந்தது. கரையில் இருப்பவரை எண்ண அவர்களால் முடிந்ததென்றால், கடலில் இருப்பவரை எண்ண நம்மால் முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாநிலத் திட்டத்தை ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்கிறது. மாவட்டத் திட்டத்துக்கும் அதுவே விதி. எனவே புதிய சட்டமோ புதிய ஆணையமோ நாங்கள் கேட்கவில்லை. அடுத்த மறு ஆய்வில், கடலில் இருப்பவர்களின் பட்டியலை யார் வைத்திருப்பார், எச்சரிக்கை வந்த எத்தனை மணி நேரத்துக்குள் அதைச் சரிபார்ப்பார், திரும்பாதவர்களின் பெயரைத் தேடுதல் படையிடம் யார் ஒப்படைப்பார் என்பதைத் திட்டத்தில் எழுத்தாக இணைக்க வேண்டும். அப்பட்டியலில் பெயர் இருப்பதையே, திரும்பாதவரின் குடும்பத்துக்குப் போதுமான சான்றாக ஏற்க வேண்டும். கேரள அரசுடன் இதற்கென ஓர் உடன்பாட்டை இந்தப் பருவமழைக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும். அடுத்த ஒத்திகையைத் தூக்குப்படுக்கையிலிருந்து தொடங்காமல், அன்று கடலில் இருப்பவர்களின் பெயர்களை வாசிப்பதிலிருந்து தொடங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

ஊர்க் கமிட்டிகளும் பங்குகளும் தங்களிடம் உள்ள விவரங்களைத் தரவும், புறப்படும் ஒவ்வொரு படகின் ஆட்பட்டியலைச் சேகரிக்க உதவவும் அணியமாக இருக்கின்றன. இந்த வேலைக்குப் பொறுப்பேற்கும் அலுவலரின் பதவியையும் தொலைபேசி எண்ணையும் தெரிவித்து எழுத்து மூலம் ஒரு பதில் அனுப்பினால், அதை எல்லா ஊர்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி வைப்போம்.

பணிவுடன்,
கடற்கரை ஊர் ஒன்றின் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.