காய்ச்சலுக்கு முன்பே பரவும் நோய்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா பற்றிப் பேச்சு வந்தாலே, "மக்கள் ஒழுங்காக இருந்திருந்தால் இவ்வளவு பரவியிருக்காது" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

2003இல் மிரட்டிய சார்ஸும் ஒரு கொரோனா வைரஸ்தான். நம் செல்லுக்குள் நுழைய, செல்லின் மேல் இருக்கும் ஏசிஇ2 ஏற்பி என்ற புரதத்தைக் கோவிட்-19 வைரஸ் பிடித்துக்கொள்கிறது; சார்ஸும் அதையேதான் பிடித்தது. ஆனால் நோய் முற்றிய பிறகே அது அதிகம் தொற்றியது. அதனால் காய்ச்சல் கண்டவர்களைத் தனிமைப்படுத்தி, சில மாதங்களில் அடக்கிவிட முடிந்தது. கோவிட் வைரஸோ மூக்கிலும் தொண்டையிலும் ஆரம்பத்திலேயே பெருகுகிறது. அறிகுறி தெரிய ஓரிரு நாள் முன்பே, சும்மா பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளியேறுகிறது. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவரை எப்படிக் குறை சொல்வது?

சரி, தெரிந்த பிறகாவது ஒதுங்கி இருக்கலாமே என்றால், அதற்கும் வசதி வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எந்த மூலையில் ஒதுங்குவது? ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பவர், லேசான இருமலுக்கு விடுப்பு எடுப்பாரா? பேருந்து ஓட்டியவர்கள், குப்பை அள்ளியவர்கள், முதியோரைப் பராமரித்தவர்கள் யாருக்கும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

அடுத்த தொற்றுக்காகத் தடுப்பூசி ஆய்வகங்களைத் தயார்ப்படுத்துவது நல்லதுதான். கூடவே, சம்பளத்துடன் நோய் விடுப்பு தினக்கூலிகளுக்கும் சட்டப்படி கிடைக்க வேண்டும். இதைப் பற்றியும் உங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்